நூற்றுக்கு முப்பது

திருவட்டாரில் காற்று ஒரே ராத்திரியில்
அறுநூறு ஏத்தன் வாழையை ஒடித்துப் போட்டது.
காய் முற்றவில்லை, குலை விலைபோகாது.
"தண்டை எடுத்துக்கிடுங்க" என்றார் செல்வநேசன்,
என் முகத்தைப் பார்க்காமல்.
டெம்போ வாடகை மட்டும் நாங்கள் கொடுத்தோம்.

எந்திரத்தின் வாயில் தடை தடையாய் நுழைத்தேன்.
ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நார்.
நூறு கிலோ தண்டுக்கு
நார் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.
மரம் என்று இத்தனை நாள் கூப்பிட்டது
நிற்கப் பழகிய தண்ணீரைத்தான்.
என் வெள்ளைக் கோட்டில் வாழைக்கறை.
மூன்று சோப்பு மாற்றியாயிற்று.

குளச்சலில் பெல்லார்மின்
இருபத்திரண்டு வருடமாய்
கண்ணாடி இழையில் வள்ளம் வார்க்கிறார்.
வேலைக்கு முன்னால் முழங்கைவரை தேங்காயெண்ணெய்,
பிறகு பவுடர், பிறகு முழுக்கைச் சட்டை.
அப்படியும் புகுந்துவிடும் கண்ணுக்குத் தெரியாத முள்.
அவர் சட்டைக்குத் தனி வாளி, தனிக் கொடி.
"ராத்திரி இவரு சொறியுத சத்தத்துல
எனக்குத்தான் உறக்கம் போகுது" என்றாள் டெல்பின்.

உங்க நாரு அரிக்குமா மேடம்?
அரிக்காது. கறைதான் போகாது.
அவர் சிரித்த அன்றைக்கே வேலை தொடங்கியது.

காரத்தில் நாலு மணிநேரம் ஊறவைத்தேன்.
மெழுகு போயிற்று, பசை போயிற்று,
கழுவக் கழுவச் செல்லுலோஸ் வெளுத்துத் தெரிந்தது.
அதன் சங்கிலி நெடுகக் கைகள்;
எல்லாக் கைகளும் தண்ணீரைத் தேடும் கைகள்.
பிசினுக்கோ தண்ணீரைக் கண்டால் ஆகாது.
இரண்டையும் ஒரே அச்சில் சண்டையில்லாமல் படுக்கவைக்கத்தான்
மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம்.

இழுவை எந்திரத்தில்
முதலில் கண்ணாடித் துண்டு:
ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போய்
ஒரே வெடி.
அடுத்து வாழை.
அதில் மூன்றிலொரு பங்குகூடத் தாங்கவில்லை.
ஆனால் முறிவதற்கு முன்
முனகியது, நெடுநேரம்,
ஒவ்வொரு நாராய்ச் சொல்லிக்கொண்டு போனதுபோல.
முறிந்த வாயில் பிசினைவிட்டு உருவி வந்த நார்கள்
ஷேவ் செய்யாத தாடியாய் நீட்டிக்கொண்டிருந்தன.
'ஒட்டவில்லை' என்று நோட்டில் எழுதினேன்.

வள்ளத்துக்கு ஆகாது.
ஐஸ்பெட்டி மூடிக்கு ஆகும் என்றார் பெல்லார்மின்.
ஒரு மூடி செய்தோம்.
துறைமுகச் சுவரோரம் கயிறு கட்டி
நாற்பது நாள் கடலுக்குள் தொங்கவிட்டோம்.
வெளியே எடுத்தபோது கொட்டலசு பிடித்து, உப்பி,
பெட்டியில் பொருந்த மறுத்தது.
தராசில் நூற்றுக்கு எட்டு கூடுதல்.
அவ்வளவும் கடல்.

நான் சூத்திரத்தைத் திரும்பப் பார்க்கப் போனேன்.
அவர் மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.
"நடுவுல ஒண்ணுமில்ல மேடம்.
அறுத்த வாயைச் சும்மா விட்டுட்டோம்லா,
அது வழியா குடிச்சிருக்கு."
அடுத்த மூடிக்கு ஓரம் முழுக்கப் பிசின் தடவினார்,
கையுறை போடாமல், ஆள்காட்டி விரலால்.
நான் திட்டினேன்.
அந்த மூடி
கடலில் நாற்பது நாள் கிடந்தும் பொருந்தியது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார்,
பை நிறையப் பச்சை இலை ஸ்டிக்கர்:
முழுவதும் இயற்கை.
நார் நூற்றுக்கு முப்பது, சார்.
மீதி எழுபது?
பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெய்.
அதுவும் இயற்கைதானே என்றார்.
ஸ்டிக்கரை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன்,
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
பெல்லார்மின் மார்க்கர் பேனாவால்
மூடியின் உள்பக்கம் எழுதினார்:
வாழ 30.
ழகரத்துக்குப் பின் ஐகாரத்துக்கு அவருக்கு நேரமில்லை.

போன வாரம் டெல்பின் போன் செய்தாள்.
மூடி செய்கிற நாட்களில் ராத்திரி சத்தமில்லையாம்.
எத்தனை நாள் என்று கேட்டேன்.
வாரத்தில் ரெண்டு.
மற்ற நாளெல்லாம் கண்ணாடிதான்,
ஆர்டர் அதற்குத்தான் வருகிறது.

போனை வைத்துவிட்டு
பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன்.
ஏழில் இரண்டு.
முப்பதுகூட வரவில்லை.